மேசைமேல் எழும் அரசு

அரசாட்சி என்றவுடன் நம் பிள்ளைகளின் மனக்கண்முன் தோன்றுவது யாது? முடி, செங்கோல், யானை, வாள், பகைவர் கோட்டைமேல் ஏறும் கொடி. வரலாற்றுப் பாடத்திலும் அவர்கள் ஆர்வத்தோடு படிப்பது போர்களையே. போர் முடிந்த மறுநாட் காலையில் அந்த நாட்டில் என்ன நடந்தது, யார் வயலுக்குப் போனார், யார் வரி கொடுத்தார், உடைந்த மதகை யார் கட்டினார் என்னும் வினாக்கள் பரீட்சைத் தாளில் வருவதும் அரிது. பிள்ளைகளின் வாயில் வருவதும் அரிது. நாட்டை வெல்வது ஒருநாட் செயல். வென்ற நாட்டைக் காப்பது நாள்தோறும் செய்யவேண்டிய செயல். இந்த இரண்டாவது செயலைப் பிள்ளைகளுக்கு உணர்த்தவல்ல விளையாட்டு ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பாடசாலை அதிபர் ஒருவர் விளையாட்டைப் புகழ்ந்து பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். எனக்கே முதலில் அவ்வாறுதான் இருந்தது. கொச்சிக்கடையில் எங்கள் மாணவன் ஒருவன், கனடாவில் வாழும் தன் மாமன் அனுப்பிய தடித்த விதிநூலொன்றை வகுப்பிற்குக் கொண்டுவந்திருந்தான். பரீட்சைக்கு மூன்று மாதமே இருந்தது. நூலை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். மாலையில் அலுவல் ஓய்ந்தபின் அதனைப் புரட்டினேன். வரி, களஞ்சியம், அமைச்சர், குடிமக்களின் மனக்குறை என்ற தலைப்புக்களைக் கண்டதும், குடியியற் பாடத்தில் எத்தனையோ ஆண்டுகளாக நான் விளங்கவைக்க முயன்றவை இவையல்லவா என்று தோன்றியது. மறுநாள் நூலைத் திருப்பிக் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் ஆடுவதற்கு ஓர் அறையையும் கொடுத்தேன்.

அது பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் நடுவர், மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை மேற்கொள்கிறார். நடுவர் சூழ்நிலையைச் சொல்கிறார். தத்தம் பாத்திரம் என்ன செய்யும் என்பதை ஆடுவோர் சொல்கிறார்கள். செயலின் முடிவு ஐயத்திற்குரியதாயின் தாயக்கட்டை உருட்டப்படுகிறது. இது நாடகம் போன்றது. ஆயினும் எழுதிவைத்த வசனம் இல்லை. சொக்கட்டான் போன்றது; ஆயினும் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டியதில்லை. பாட்டி சொல்லும் கதை போன்றது. ஆயினும் கேட்பவரே இங்கே கதையை நடத்துகிறார்.

இதன் வேர் போர்ப் பயிற்சியில் இருக்கிறது. 1824ஆம் ஆண்டில் பிரசிய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர், தேசப்படத்தின்மேல் சிறு கட்டைகளை நகர்த்தி, நடுவர் ஒருவரின் மேற்பார்வையில் போரை ஆடிப் பழகும் முறையை வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், 1969இல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்னும் இளைஞர், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனையூரை அமைத்து, படைத்தலைவரோடு நகர முதல்வர், வங்கி முதலாளி, பல்கலைக்கழகத் தலைவர் ஆகியோரின் பாத்திரங்களையும் நண்பர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். போரில் தொடங்கிய ஆட்டத்திற்குள் ஊர் புகுந்தது அப்போதுதான். அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் அம்முறையை மாயமும் மந்திரமும் நிறைந்த உலகிற்குக் கொண்டுசென்றார். அவரும் கேரி கைகாக்சும் சேர்ந்து 1974இல் வெளியிட்டதே ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு. மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டி. முதல் அச்சில் 1,000 பிரதிகளே. இன்று உலகெங்கும் அதனை ஆடுகிறார்கள்.

நிலவறைக்குள் புகுந்து பூதங்களோடு பொருது புதையல் எடுப்பதே அதன் பெரும்பகுதி. ஆனால் புதையலை எடுத்தபின் என்ன செய்வது? அந்த முதல் நூல்களே இதற்கு ஒரு விடை சொல்லின. பெயர்பெற்ற வீரன் காட்டைத் திருத்திக் கோட்டை கட்டலாம். சுற்றிலும் குடியேறும் மக்களிடம் வரி பெறலாம். காலப்போக்கில் இப்பகுதி தனியாக வளர்ந்தது. 2010இல் பைசோ என்ற நிறுவனம் ‘பாத்ஃபைண்டர்’ விளையாட்டிற்காக ‘கிங்மேக்கர்’ என்னும் தொடர்கதையை ஆறு பாகங்களில் வெளியிட்டது. ஆளில்லாக் காடென்று கருதப்படும் நிலத்தை ஆராய ஆடுவோருக்கு ஒரு சாசனம் கிடைக்கிறது. அங்கே அவர்கள் ஓர் அரசை நிறுவுகிறார்கள். நிலம் அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு மாதம் ஒரு சுற்று. பொருளாதாரம், மக்களின் பற்று, நாட்டின் நிலைபேறு என மூன்று அளவைகள். இவற்றோடு மக்களின் அமைதியின்மைக்கும் ஓர் எண் உண்டு. அது 10ஐத் தாண்டினால் நிலங்கள் கைநழுவத் தொடங்கும். 20ஐ எட்டினால் அரசே குலைந்துவிடும். பகைவன் எவனும் படையெடுக்காமலே ஒரு நாடு விழலாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பாடப்புத்தகத்தை நான் கண்டதில்லை.

இனி, இவ்விளையாட்டை நடத்தும் முறைக்கு வருவோம். அந்நூலின் கணக்குகள் நீண்டவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால், இரண்டாம் வாரமே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆதலின் நாங்கள் திருவள்ளுவரை நாடினோம். ‘இறைமாட்சி’ அதிகாரத்தின் முதற் குறள் அரசனுக்குரியவை ஆறு என்கிறது. குடிமக்கள், உணவு வளம், அமைச்சு, அரண், நட்பு, படை என்பனவே அவை. ஆறு பிள்ளைகளுக்கு ஆறு பொறுப்புக்கள். ஒவ்வொருவரும் தம் உறுப்பின் கணக்கைத் தம் கொப்பியில் எழுதிவர வேண்டும். ஆறில் படை ஒன்றே என்பது அப்பங்கீட்டிலேயே பிள்ளைகளுக்கு விளங்கிவிடுகிறது. அரசன் யார் என்று கேட்பீர்கள். ஆறு பேரும் கூடியதே அரசு; பருவந்தோறும் ஒருவர் தலைமை ஏற்பார். வாய்வல்லமை மிக்க ஒரு பிள்ளையே எல்லாவற்றையும் முடிவுசெய்துவிடுவது இவ்விளையாட்டின் பெருங்குறை. தலைமையைச் சுற்றிவிடுதல் அதற்குத் தக்க மருந்து.

நாடு சிறிதாயிருத்தல் நன்று. கட்டமிட்ட கணக்குக் கொப்பியின் ஒரு தாள் போதும். ஓர் ஆறு, ஒரு குளம், ஒரு காடு, கடலுக்கு ஒரு வழி. இவற்றைவிட இன்றியமையாதது ஒன்றுண்டு. அந்த நிலம் வெறும் நிலமாக இருத்தலாகாது. அங்கே முன்னரே மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் தெய்வங்களும் நினைவுகளும் உண்டு. ஆளில்லா நிலம் என்பது, பெரும்பாலும், அங்கிருந்தவரைக் கேளாமல் எழுதப்பட்ட படமே என்பதை நடுவர் மறத்தலாகாது.

மாதச் சுற்றையும் மாற்றினோம். நம் நாட்டு உழவர்க்குப் பெரும்போகமும் சிறுபோகமுமே ஆண்டின் இரு கண்கள். ஆதலின் ஒரு போகம் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு படிகள். முதலில் இருப்பைக் கணக்கிடுதல். பின்னர் அரசாணை பிறப்பித்தல். அடுத்து விளைச்சலைப் பெறுதல். இறுதியில் வந்ததை எதிர்கொள்ளுதல். வந்தது என்பது மழையாகலாம், நோயாகலாம், தூதுவனாகலாம், அரச குடும்பத்துப் பூசலாகவும் இருக்கலாம்.

இந்த இறுதிப் படியிலேதான் நடுவரின் நேர்மை வெளிப்படும். இடர் என்பது நடுவர் நினைத்தபடி வீசும் கல் அன்று. முன்னர்ச் செய்ததன் அல்லது செய்யாததன் விளைவாக அது வரவேண்டும். எதற்கு என்ன நேரும் என்பதையும் முடிவெடுப்பதற்கு முன்னரே ஆடுவோருக்குச் சொல்லிவிட வேண்டும். அறியாமல் விழுந்த பிள்ளை நடுவரைக் குறைகூறும்; அறிந்தே விழுந்த பிள்ளை சிந்திக்கும்.

மக்களுக்கு முகம் கொடுப்பதும் நடுவரின் கடமை. ‘மக்களின் பற்று இரண்டு குறைந்தது’ என்று சொன்னால் எந்தப் பிள்ளையின் நெஞ்சும் அசையாது. புதுக் குளத்தில் தன் வயல் மூழ்கிப்போன கைம்பெண்ணாக நடுவர் அவர்முன் வந்து நிற்கவேண்டும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன், முறையிட வருவோர் அசைப்பதற்காகத் தன் படுக்கையருகே மணியொன்றைக் கட்டுவித்திருந்தான் என்றும், நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒப்ப நீதி வழங்கினான் என்றும், அவனை வென்ற துட்டகைமுனுவின் புகழைப் பாடும் மகாவம்சமே கூறுகிறது. அதனை நினைந்து எங்கள் மேசைமேலும் ஒரு கைமணி வைத்தோம். ஆணை பிறந்தவுடன், அதனால் பாதிக்கப்படும் யாரேனும் ஒருவராக நான் மணியை அசைப்பேன். அவ்வோசை கேட்டதும் ஆறு முகங்களும் வாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சிற்றரசில் 40 குடும்பங்கள். முதற் போகத்தில் 120 மூடை நெல். உணவிற்கு 80, விதைநெல்லுக்கு 12 போக, எஞ்சியது 28. குளக்கட்டைப் பழுதுபார்க்க 15 வேண்டும். மதில் எழுப்ப 20 வேண்டும். காவற்படைக்கு 8 வேண்டும். ஆகமொத்தம் 43. இருப்பதோ 28. தேவைகளின் கூட்டுத்தொகை எப்பொழுதும் இருப்பைவிடப் பெரிதாக இருக்குமாறு நடுவர் அமைக்கவேண்டும். இல்லையேல் அங்கே அரசியல் இல்லை. வெறும் கூட்டல் கழித்தலே உண்டு.

பிள்ளைகள் மதிலையும் படையையும் தெரிந்தெடுத்தார்கள். நான் வியப்படையவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, எங்கள் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தபோது இப்பிள்ளைகள் சிறு குழந்தைகள். அதன்பின் வாயில்களில் காவலரையும் சோதனையையும் கண்டே வளர்ந்தவர்கள். பாதுகாப்பு என்றவுடன் மதிலை நினைப்பவர்களை நாம் குறைகூற இயலுமா? நடுவர் அறிவுரை கூறலாகாது என்பதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. குளக்கட்டைப் பழுதுபார்த்தால் தாயக்கட்டையில் 1 விழுந்தால் மட்டுமே அது உடையும் என்றும், பாராதுவிட்டால் 1, 2, 3 ஆகிய எதுவிழினும் உடையும் என்றும் முன்னரே அறிவித்திருந்தேன். விழுந்தது 2.

குளம் உடைந்தது. அடுத்த விளைச்சல் 60 மூடை. உணவிற்கே 80 வேண்டும். மதில் அழகாக நின்றது; அதற்குள்ளே பசி இருந்தது. படைக்குப் பொறுப்பான மாணவன் தன் கணக்குக் கொப்பியை மூடிவைத்துவிட்டு, “சேர், பசிக்கு எதிராக வாளை எங்கே நீட்டுவது?” என்று கேட்டான். ஐந்தாம் நூற்றாண்டில் கலாவெவவைக் கட்டிய தாதுசேன மன்னனின் வரலாற்றை அன்று அவர்களுக்குச் சொன்னேன். ஆட்சியைப் பறித்த மகன் காசியப்பன் புதையல் எங்கே என்று வருத்தியபோது, தாதுசேனன் அக்குளத்தின் நீரைக் கையில் அள்ளிக் காட்டி, தன் செல்வமெல்லாம் அதுவே என்றானாம். சூளவம்சம் கூறும் செய்தி இது. மன்னனை மகன் கொன்றுவிட்டான். குளமோ இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது.

ஆற்றுக்கு அப்பால் வேறொரு மக்கள் வாழ்வதாக நான் படத்தில் வரைந்திருந்தேன். அவர்களுடைய மொழி வேறு. எங்கள் குளத்தில் வழியும் நீரே அவர்களுடைய வயலுக்கும் பாய்ந்தது. குளம் உடைந்ததனால் அவர்களும் வறண்டார்கள். இதனைக் கண்டுகொண்டவள் நட்பிற்குப் பொறுப்பான பத்தாந் தரத்து மாணவி. தூது செல்ல அவள் அனுமதி கேட்டாள். அக்கரை மக்களின் தலைவனாக நான் இருந்து, ஒரு மணிநேரம் பிடிவாதமாகப் பேரம் பேசினேன். முடிவில், நீரில் உரிய பங்கிற்கு ஈடாக, குளக்கட்டை இருசாராரும் சேர்ந்து கட்டுவதென உடன்பாடாயிற்று.

உடன்பாட்டைப் பறையறைந்து அறிவிக்கவேண்டும். எந்த மொழியில் அறிவிப்பது? நான் இவ்வினாவைத் திட்டமிட்டு எழுப்பவில்லை, பிள்ளைகளிடமிருந்தே எழுந்தது. “நம் மொழியில் சொன்னாற் போதும், அவர்கள் கற்றுக்கொள்ளட்டும்” என்றான் உணவுப் பொறுப்பாளன். “அப்படியானால் அஃது அவர்களுக்கு ஆணை அன்று, பறையின் ஓசைதான்” என்றாள் அந்த மாணவி. அதன்பின் அறையில் தாயக்கட்டையின் ஒலி நெடுநேரம் கேட்கவில்லை. இரு மொழியிலும் எழுதினால் ஓலை இருமடங்காகும் என்றான் ஒருவன். எழுதத் தெரிந்தவர் நம்மிடம் இல்லையே என்றாள் ஒருத்தி. அக்கரையிலிருந்து ஒருவரை நம் அவையில் அமர்த்துவோம் என்றான் படைப் பொறுப்பாளன். அவ்வாறே முடிவாயிற்று.

நான் வாய்திறவாது கேட்டிருந்தேன். நம் நாட்டில் 1956இல் அரசகரும மொழிச் சட்டம் நிறைவேறியபோது அப்பிள்ளைகளின் பெற்றோரும் பிறந்திருக்கவில்லை. தமிழும் அரசகரும மொழியாகும் என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் கூறியது 1987இல். இடையில் 31 ஆண்டுகள். ஒரு காலைப்பொழுதில் ஆறு பிள்ளைகள் ஒரு மேசையில் கடந்த தொலைவை நாடு கடப்பதற்கு அத்தனை காலமாயிற்று; அதற்கு நாடு கொடுத்த விலையை நான் இங்கே சொல்லவேண்டியதில்லை. விளையாட்டில் எளிது, வாழ்வில் அரிது என்பீர்கள். உண்மையே. எளிதான இடத்திலாவது ஒருமுறை செய்து பார்த்த பிள்ளை, அரிதான இடத்தில் அதனை இயலாதென்று தள்ளிவிடாது என்பதே என் நம்பிக்கை.

அடுத்த விடுமுறையில் அவர்களைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ என்பவரால் நம் தீவிற்குக் கொண்டுவரப்பட்டு, 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு அது. அதிற் பொறித்த ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தபிரானுக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு அளித்தவற்றைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. கல் ஒன்று, படிப்பவர் மூவகையினர். படைப் பொறுப்பாளன் அதனை உற்றுநோக்கியபின், “இவர் சமாதானமாக வந்தவரா, சேர்?” என்றான். இல்லை, அதே செங் ஹ பின்னர் இந்நாட்டு ஆட்சியாளர் ஒருவரோடு பொருது அவரைச் சிறைப்பிடித்துச் சென்றார் என்றேன். “படை வைத்திருந்தவருக்கும் மூன்று மொழி வேண்டியிருந்திருக்கிறது” என்றான் அவன். அதற்குமேல் நான் விளக்கம் கூறவில்லை.

நேயர்களே, இவ்விளையாட்டிற்கு விலையுயர்ந்த பொருளெதுவும் வேண்டியதில்லை. கட்டமிட்ட கொப்பி ஒன்று, பென்சில், தாயக்கட்டை, ஒரு மணி, இரண்டு மணிநேரம், பொறுமையுள்ள நடுவர் ஒருவர். நடுவர் தம் விருப்பத்தை ஆடுவோர்மேல் திணிக்காதிருக்கட்டும். கணக்கு மிகுந்து கதை மறையாதிருக்கட்டும். தோல்வியும் ஒரு சுற்றே, முடிவன்று என்பதைப் பிள்ளைகள் உணரட்டும். எங்கள் சிற்றரசு இன்றும் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. மதில் இன்னும் நிற்கிறது. அதில் இப்பொழுது ஆற்றை நோக்கி ஒரு வாயில் வைத்திருக்கிறார்கள். அந்த வாயிலுக்குச் செலவு 6 மூடை நெல். அவ்வாணை பிறந்தபோது நான் வழக்கம்போல் மணியை அசைக்கக் கையெடுத்தேன். அதனால் துன்புறுபவர் எவரும் எனக்குத் தோன்றவில்லை. கையை மடக்கிக்கொண்டேன்.